முகத்தில் வெட்டு, முதுகில் மேடு

இதை வாசிக்கும் பெரியோரே, உங்களை நான் நடுவர்களாக அழைக்கவில்லை. நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் தொல்லை உண்டு. இந்த வழக்கின் தீர்ப்போ வெகுகாலத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடப்பட்டுவிட்டது. உங்களைச் சாட்சிகளாகவே அழைக்கிறேன். நான் காட்டும் இடத்தில் வந்து நில்லுங்கள். நான் நீட்டும் பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நான் என்ன பேசினேன் என்பதையும், பேசும்போது எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதையும் உங்கள் கண்ணாலேயே கண்டுகொள்ளுங்கள். பிறகு நான் எதையேனும் மறைத்து எழுதினால், தடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சென்ற மாதம், நான் பணியாற்றி ஓய்வுபெற்ற நாணயப் பிரிவிலிருந்து இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் கண்டெடுத்த காசுகள் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே அவற்றின் நிழற்படங்கள் வந்துவிடுகின்றனவாம். ஒரு படத்தை என் கையில் கொடுத்து, "இது எந்தப் பேரரசர் ஐயா?" என்று கேட்டார்கள். படம் மிகத் தெளிவாக இருந்தது. நான் அதைத் திருப்பினேன். பின்புறம் வெறும் வெள்ளைத்தாள்.

"இதன் மறுபக்கம் எங்கே?"

"முகமே பளிச்சுன்னு தெரியுதே ஐயா. பேர் சொல்ல அது போதாதா?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னால் சுருக்கமாக விடை சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அந்த விடை.

நான் பிறந்தது பென்னாகரம். அக்காலத்தில் தருமபுரி தனி மாவட்டம் அன்று. சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. சேலத்தில் கல்லூரிப் படிப்பு. வரலாறு படித்தேன் என்று சான்றிதழ் சொல்கிறது. மேடையில் நின்றேன் என்று சொல்வதே மெய். சீட்டுக் குலுக்கி எடுத்த எந்தத் தலைப்பிலும் ஐந்து நிமிடம் ஆதரித்தும், மணியடித்ததும் திரும்பி நின்று அடுத்த ஐந்து நிமிடம் எதிர்த்தும் பேசுவேன். எந்த வாக்கியத்துக்குப் பின் மூச்சுவிட வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு விடைசொல்லாமல் அவையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாக இருந்தன. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வாங்கினேன். என் குரலில் எனக்கிருந்த பெருமை சிறிதன்று; அதை இன்று மறைப்பதில் பயனுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் இறுதியில், சென்னையில் ஒரு காட்சிச்சாலையின் நாணயப் பிரிவில் உதவியாளன் ஆனேன். முதல் மூன்றாண்டுகளை மூன்று வரியில் சொல்லிவிடலாம். செம்புக்காசுகளைப் பிரித்தேன். வெள்ளிக்காசுகளைப் பிரித்தேன். பொற்காசுகள் இருந்த இரும்புப்பெட்டியின் சாவி என் மேலாளரின் இடுப்பில் இருந்தது.

அந்த மேலாளரின் பெயர் வேதமாணிக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். யாரையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். "ஓய்" என்பதே அவர் எங்களுக்குச் சூட்டிய பொதுப்பெயர். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். தவறு கண்டால், அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, தாளை மேசைமேல் நகர்த்தி என் பக்கம் அனுப்புவார். நான் திருத்தி அனுப்புவேன். மறுபடி புள்ளியோடு வரும். ஒருநாள் ஒரே செம்புக்காசுக்கு ஒன்பது முறை அந்தத் தாள் பயணம் செய்தது.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் ஏழு வரிகள். முதல்வரி உலோகம், இரண்டாவது எடை, மூன்றாவது விட்டமும் கனமும், நான்காவது விளிம்பு, ஐந்தாவது பின்புறம், ஆறாவது முன்புறம், ஏழாவது, காசு யாருடையது என்ற முடிவு. எடைபோடும் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். காசை இடுக்கியால் வைத்து, கதவைச் சாத்தி, முள் ஆடி ஓயும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு காசை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, வடக்குச் சன்னலுக்கு எதிரே சாய்வாகத் திருப்ப வேண்டும். காலை வெயில் சாய்ந்து விழும்போது உழுத நிலத்தில் சால்கள் எழுந்து தெரிவதில்லையா, அதுபோலத் தேய்ந்துபோன எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல்கொண்டு எழும். கண்ணெதிரே ஒரு பெயர் பிறப்பதைப் பார்க்கும் அந்தக் கணத்துக்காகவே நான் அந்த வேலையை விடாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

முன்புறத்தை ஏன் ஆறாவதாகப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். முகம் இருப்பது அங்கே, பெயர் இருப்பது அங்கே. அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்ததே என்று காரணங்களை அடுக்கினேன்.

வேதமாணிக்கம் தலைநிமிராமல், "படிவத்துல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதில் ஆழமான தத்துவம் ஏதும் இருப்பதாக அவரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

இரண்டாம் ஆண்டிலேயே என்னை என் சொந்தச் சீமைக்குக் காசு தேட அனுப்பினார்கள். வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு குழந்தையின் அரைஞாணில் உரோமானிய வெள்ளிக்காசு ஒன்று தொங்குவதாகத் தகவல். போய்ப் பார்த்தால், மெய்தான்: காசின் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தார்கள். மிளகுக்கும் துணிக்கும் கொங்குநாட்டுப் பச்சைக்கல்லுக்குமாகக் கடல்கடந்து வந்த காசு, கேழ்வரகு விளையும் காட்டில் இரண்டு வயதுப் பிள்ளையின் தொப்புளுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அதன் தாயிடம், காசை ஒருவாரத்துக்குத் தரமுடியுமா என்றேன்.

"ஏங்க, இத்த அவுத்துட்டா புள்ளைக்கு பயம் புடிச்சிக்கும். ராவெல்லாம் அழுவான். நீங்க வந்து தூக்கி வெச்சிக்குவீங்களா?"

"ஒரு மணி நேரத்துக்காவது?"

"புள்ளையோட சேத்து எவ்ளோ நேரம் வேணா பாத்துக்குங்க. ஓடுவான், புடிச்சிக்கணும்."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய தாளைக் காசின்மேல் அழுத்திப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். வெளிப்புறம் இருந்த முகம் கூர்மையாகப் பதிந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது; அங்கேயே, கூடி நின்றவர்களுக்கு உரோமாபுரியின் பெருமையைக் கால்மணி நேரம் எடுத்துரைத்தேன். சென்னைக்குத் திரும்பியதும் என் சீட்டு ஐந்தாவது வரிக்கு நேரே புள்ளியோடு வந்தது. பின்புறம் வழவழவென்று இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அப்ப அதை எழுதும்" என்றார். தோலில் உரசும் பக்கம் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கம் தேயவில்லை என்று எழுதினேன். அன்றைக்கு அது எனக்கு வீண்வேலையாகத் தோன்றியது.

இனி, சாட்சிகளே, உங்களை நான் அழைத்த இடத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். பாப்பாரப்பட்டிக்குச் சற்றுத் தொலைவில், விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்த மேட்டுநிலத்தில் பயிர்செய்துவந்தவர் மாதம்மாள். கணவனை இழந்தவர், நாற்பது வயதிருக்கும். வரப்புக்குக் கல்பெயர்க்கும்போது கடப்பாறை ஒரு சின்னக் கலயத்தை உடைத்தது. உள்ளே ஒன்பது பொற்காசுகள். அவற்றை அன்றே வீட்டுக்கு எடுத்துச்சென்று, மறுநாள் காலையில் ஊர் அதிகாரியான மணியகாரரிடம் ஒப்படைத்தார். ஒன்பது காசுகளிலும் உரோமானியப் பேரரசரின் முகத்தின் குறுக்கே, கன்னத்திலிருந்து கழுத்துவரை, உளியால் வெட்டியது போன்ற ஒரு வெட்டு இருந்தது.

புதையல் சட்டம் இவ்விடத்தில் மிகக் கண்டிப்பானது. கண்டெடுத்தவர் முறைப்படி ஒப்படைத்தால் அவருக்குப் பங்கு உண்டு. அடையாளம் தெரியாதபடி பொருளைச் சிதைத்தால் பங்கும் போகும். ஓராண்டுவரை சிறையும் கிடைக்கும். எனவே கேள்வி ஒன்றே ஒன்றாக நின்றது: அந்த வெட்டுகள் பழையவையா, புதியவையா? மாதம்மாள் சிறைக்குப் போனால் வாரநிலம் கைமாறும். கதிர்விட்டு நின்ற கேழ்வரகை வேறொருவர் அறுப்பார். அவருக்கு வேறு நிலமுமில்லை, துணையுமில்லை.

டிப்டி தாசில்தார் சந்தை நாளன்று பாப்பாரப்பட்டிச் சாவடியில் விசாரணை வைத்தார். காசுகளைப் பார்த்து, முத்திரையிட்டுச் சென்னைக்குக் கொண்டுவருவதற்காக வேதமாணிக்கம் என்னை அனுப்பினார். அதுவரை நான் உரோமானியப் பொற்காசைக் கையால் தொட்டதில்லை.

மாதம்மாள் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"கழுவினேன் சாமி. மண்ணுக்குள்ள இருந்து வந்தத கழுவாம யாராச்சும் சாமிக்கு முன்னால வெப்பாங்களா? புளியும் சாம்பலும் போட்டு தேச்சேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். பொதையலுக்கு காவல் இருக்கறது கோவிச்சிக்கக் கூடாதுன்னு கும்புட்டேன். வெட்டு நான் வெட்டல. எடுக்கறப்பவே அப்படித்தான் இருந்துதுங்க."

அப்பக்கத்தில் மண்ணிலிருந்து கிடைத்தது எதுவாயினும், செப்புச்செம்பானாலும் சிலையானாலும், அப்படித் தேய்த்துக் கழுவி மஞ்சள்நீர் தெளித்தபிறகே வெளியே எடுத்துச்செல்வார்கள். பென்னாகரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாததன்று.

டிப்டி தாசில்தார் என்னைப் பார்த்து, "வெட்டு பழசா, புதுசா? உங்க அபிப்பிராயம் என்ன?" என்றார்.

காசை வாங்கினேன். முகத்தைப் பார்த்தேன். வெட்டின் பள்ளம் பளபளவென்று மின்னியது. நான் கையாண்டிருந்த செம்பிலும் வெள்ளியிலும் பழைய கீறல் கறுத்திருக்கும், புதிய கீறல் மின்னும். அந்த விதியைப் பொன்மேல் ஏற்றினேன். சாவடிக்கு வெளியே சந்தைக்கு வந்த கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "புதிது என்று தோன்றுகிறது" என்று ஐந்து சொற்களுக்குள் முடித்திருக்கலாம். சான்றோரே, நான் முடிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நேற்றுத் தீட்டிய அரிவாளின் வாய்போல் மின்னும் இந்த வெட்டு, நேற்றைய வெட்டு அன்றி வேறென்ன? கழுவினேன் என்கிறார் இந்த அம்மையார். நான் கேட்கிறேன்: அவர் கழுவியது எதை? அழுக்கையா, ஆதாரத்தையா?"

அவ்விடத்தில் நான் மூச்சுவிட்டேன். கூட்டம் சிரித்தது, இரண்டொருவர் கைதட்டினார்கள். பதினைந்து நிமிடம் பேசினேன். டிப்டி தாசில்தாரின் எழுத்தர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "ரொம்ப நல்லா பேசினீங்க சார்" என்று கையெழுத்துக்கு நீட்டினார். கையெழுத்திட்டேன். மாதம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் யாரோ, "காசு மூஞ்சியவே வெட்டிட்டாளாம்" என்று சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

வழக்கு தருமபுரி மாஜிஸ்திரேட்டிடம் போயிற்று. மாதம்மாளை ஜாமீனில் விட்டார்கள். நான் முத்திரையிட்ட பொட்டலத்தோடு இரண்டு காவலர் துணையுடன் சென்னை திரும்பினேன்.

வேதமாணிக்கம் பொட்டலத்தைப் பிரித்து, நீலக் கம்பளித்துணிமேல் ஒன்பது காசுகளையும் வரிசையாக வைத்தார். ஒன்பது சீட்டுகளையும் வைத்தார். "எழுதும்" என்று மட்டும் சொன்னார்.

முதல் காசு. உலோகம், பொன். எடை: அவ்வகைக் காசுக்கு உரிய எடையில் குறையில்லை, ஆக வெட்டியவர் பொன்னைச் சுரண்டவில்லை. இது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. விளிம்பு, ஒழுங்கானது. ஐந்தாவது வரி வந்தது. காசைத் திருப்பி, வடக்குச் சன்னலின் வெளிச்சத்தில் சாய்த்தேன். அமர்ந்த கோலத்தில் ஒரு பெண்ணுருவம், கையில் கோல், சுற்றிலும் எழுத்துகள். உருவத்தின் தோளருகே ஒரு மெல்லிய மேடு ஓடியது. எங்கிருந்து வந்தது இந்த மேடு? காசை மறுபடி புரட்டினேன். முன்புறத்து வெட்டுக்கு நேர் பின்னே இருந்தது அது. உளி முன்னே இறங்கியபோது பொன் பின்னே பிதுங்கியிருக்கிறது.

அதுவரை புதிராக ஒன்றுமில்லை. ஆனால் மேட்டின் உச்சி தட்டையாக இருந்தது. வெளிச்சத்தை மெல்லத் திருப்பினேன். பள்ளமான இடங்களில் இருந்த எழுத்துகள் கூர்மையாக இருந்தன. மேட்டின் முதுகில் ஏறிய எழுத்து மட்டும் பாதி அழிந்து வழவழத்திருந்தது. அரைஞாண் காசின் நினைவு வந்தது. எது மேலே நிற்கிறதோ அது தேயும். இந்த மேடு தேய்ந்திருக்கிறது. தேய்வதென்றால், வெட்டுப்பட்ட பிறகு இந்தக் காசு பலகாலம் பைக்குள் கிடந்து, கைமாறி, மற்றக் காசுகளோடு உரசியிருக்க வேண்டும். அப்படியானால் வெட்டு, கலயத்தை மண்ணில் புதைப்பதற்கும் முந்தியது. சென்ற மாதம் மாதம்மாள் வெட்டியிருந்தால் அந்த மேடு கத்திமுனைபோல் நின்றிருக்கும்.

இரண்டாவது காசு, மூன்றாவது காசு. எல்லாவற்றிலும் அதே தட்டை. ஐந்தாவதில், வெட்டின் உதடு மடிந்திருந்த இடத்தின் அடியில், புளியும் சாம்பலும் எட்டாத மூலையில், கல்லாக இறுகிய செம்மண் பொருக்கு ஒன்று கடுகளவு ஒட்டியிருந்தது. பள்ளம் மின்னியதற்குக் காரணம் பொன் கறுப்பதில்லை என்பதும், அந்த அம்மாள் நன்றாகத் தேய்த்தார் என்பதும்தான்.

எழுந்துபோய், மேட்டைப் பற்றியும் சாவடியில் நான் பேசியதைப் பற்றியும் வேதமாணிக்கத்திடம் சொன்னேன். அவர் சாவியை எடுத்து இரும்புப்பெட்டியைத் திறந்து ஒரு தட்டை வெளியே இழுத்தார். வேறு ஊர்களில், பல ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்த உரோமானியப் பொற்காசுகள். அவற்றிலும் பலவற்றின் முகங்களில் அதே வெட்டு.

"சார், இதை நான் புறப்படும் முன்பே காட்டியிருக்கலாமே?"

"பாத்து வாரும்னுதான் அனுப்பினேன். பேசி வாரும்னு அனுப்பலையே."

"இவற்றை யார் வெட்டினார்கள்? எதற்காக?"

"தெரியாது."

உண்மையில் யாருக்கும் தெரியாது. இந்தக் காசு இனிச் செல்லாது என்று காட்ட ஓர் அரசன் வெட்டச் சொன்னானா? உள்ளே பொன்தானா என்று ஒரு வணிகன் சோதித்தானா? அயல்நாட்டு மன்னன் முகம் தன் சந்தையில் உலவுவதை ஒருவன் விரும்பவில்லையா? முதுமையிலும் சில காலைகளில் இந்தக் கேள்விகளோடு விழித்திருக்கிறேன். அன்று வேதமாணிக்கம் தம் அறிக்கையில், "வெட்டுகள் பழமையானவை, காரணம் அறியப்படவில்லை" என்று எழுதினார். அறிக்கை முறைப்படி கலெக்டர் அலுவலகம் போய், அங்கிருந்து தருமபுரி போய்ச் சேர மூன்று வாரமாவது ஆகும். வழக்கோ ஆறாம் நாள்.

"நான் நேரில் போய்ச் சொல்கிறேன் சார். காசுகளோடு போகிறேன்."

"கலெக்டர் உத்தரவு இல்லாம பொன் இந்த அறையை விட்டு நகராது. உமக்கு லீவு தரலாம். காசுக்கு லீவு தர எனக்கு அதிகாரமில்லை."

காசு நகராது; ஆனால் காசின் வடிவம் நகரலாம். மெழுகில் இருபுறமும் அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் எனப்படும் பாரிசுச் சாந்தைக் கரைத்து வார்த்தேன். காற்றுக்குமிழி ஏறினால் மேட்டின் உச்சி பொய்யாகிவிடும். ஆகையால் முதலில் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, பிறகு ஊற்றினேன். ஒன்பது முன்புறம், ஒன்பது பின்புறம். வேதமாணிக்கம் ஒவ்வொன்றையும் காசோடு ஒப்பிட்டு, அடியில் தம் கையெழுத்தை இட்டார். இரண்டில் புள்ளி வைத்தார். அவற்றை உடைத்துவிட்டு மறுபடி வார்த்தேன்.

மொரப்பூரில் இரயிலிலிருந்து இறங்கி, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் தருமபுரி சேர்ந்தபோது சாந்துவில்லைகள் என் மடியில் பஞ்சுக்குள் இருந்தன.

நீதிமன்றத்தில் கூட்டமில்லை. மாஜிஸ்திரேட், எழுத்தர், வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர், சுவரோரம் மாதம்மாள், அவருக்கு ஜாமீன் நின்ற உறவினர் ஒருவர், அவ்வளவே. வெட்டு பழையது என்று நான் சொல்லத் தொடங்கியதும், இன்ஸ்பெக்டர் ஒரு தாள்கட்டை எடுத்தார்.

"‘நேற்றுத் தீட்டிய அரிவாளின் வாய்போல் மின்னும் இந்த வெட்டு.’ இது நீர் சொன்னதா?"

"ஆம்."

"‘அழுக்கையா, ஆதாரத்தையா?’ இதுவும் நீர் சொன்னதா?"

"ஆம்."

"இன்னும் நாலு பக்கம் இருக்கு. எல்லாம் படிக்கட்டுமா?"

"தேவையில்லை. எல்லாம் நான் சொன்னதுதான்."

"அன்னிக்குக் காசு கையில இருந்துது. இன்னிக்குச் சுண்ணாம்பு வில்லை கையில இருக்குது. காசைப் பார்த்துச் சொன்னதை நம்பறதா, சுண்ணாம்பைப் பார்த்துச் சொல்றதை நம்பறதா?"

அது மிக நல்ல கேள்வி. மேடையில் நான் எதிரணியில் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். மறுத்துப் பேச என் வாயில் எத்தனையோ வாக்கியங்கள் வந்து நின்றன. அவற்றில் எதுவும் மாதம்மாளுக்குப் பயன்படாது என்பது விளங்கியது. என் பேச்சை என் பேச்சாலேயே வெல்ல முடியாது.

"அன்று நான் முகத்தை மட்டும் பார்த்தேன். திருப்பவில்லை. இந்தப் பின்புறத்தை நீதிமன்றம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்" என்றேன்.

மாஜிஸ்திரேட் வயதானவர், பேச்சில் சிக்கனமானவர். வில்லையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். "மேடு இருக்கு. மழுங்கலா இருக்கு. புதுசா வெட்டினா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடைவீதியிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்துவந்தார்கள். உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். எதை வெட்டுவது என்று கேட்டபோது, அவசரத்தில் நான் என் பையிலிருந்து ஓரணாவை எடுத்து நீட்டினேன்.

"ராஜா தலை போட்ட காசை என் கண்ணு முன்னால வெட்டினா, அந்த அம்மாவை விட்டுட்டு உம்மைத்தான் உள்ளே வெக்கணும்" என்றார் மாஜிஸ்திரேட்.

இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார். ஆசாரி தம் பையிலிருந்து காசளவில் ஒரு செப்புவில்லையை எடுத்தார்.

"பொன்னு இதவிட மெத்துங்க சாமி. பொன்னுல இன்னும் நல்லா பிதுங்கும்" என்று சொல்லி, ஒரே அடி அடித்தார். மாஜிஸ்திரேட் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் மேடு கூர்மையாக நின்றது. ஒரு கையில் செப்பு, மறுகையில் சாந்துவில்லை; இரண்டையும் மாறிமாறித் தடவினார்.

"ஆசாரி, இந்த மேடு அந்த மேடு மாதிரி ஆகணும்னா என்ன செய்யணும்?"

"அரம் போட்டா ஆகும். ஆனா அரம் போட்டா கோடு விழும். கோடு இல்லாம ஆகணும்னா, கையில பொழங்கணும். ஒரு ஆயுசு பத்தாதுங்க."

மாஜிஸ்திரேட் வில்லையை விளக்குக்கு நேரே சாய்த்தார். அரக்கோடு இல்லை. இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவரும் ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, தம் தாள்கட்டை மூடினார்.

வழக்கு தள்ளுபடியானது. வெட்டு பழையது, கண்டெடுத்தவர் மறுநாளே ஒப்படைத்திருக்கிறார், அவருடைய பங்குக்குத் தடையில்லை என்று மாஜிஸ்திரேட் ஆறு வரியில் எழுதி முடித்தார்.

வெளியே புளியமரத்தடியில் மாதம்மாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பொருத்தமான வாக்கியங்களை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு அவ்ளோ நேரம் பேசினீங்க. இன்னிக்கு ஆமாம், ஆமாம்னு நாலு வார்த்தைல முடிச்சிட்டீங்களே சாமி."

"இன்று பேச வேண்டியதைக் காசு பேசியது அம்மா."

"காசு பேசினது இங்க இருந்த அஞ்சு பேருக்குத்தானுங்க தெரியும். நீங்க பேசினது சந்தைக்கே தெரியும். எங்கூர்ல பாதிப்பேருக்கு ரோமாபுரியும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது. ‘காசு மூஞ்சிய வெட்டினவ’ன்னா நான்னு தெரியும். தண்ணிக்குப் போனாலும் அதான் சொல்றாங்க, வூட்டு வாசல்ல நின்னாலும் அதான் சொல்றாங்க. அந்த மாஜிஸ்திரேட்டு எழுதின காயிதத்த நான் கழுத்துல மாட்டிக்கிட்டா திரிய முடியும்?"

அவருடைய உறவினர், "விடு மாதம்மா, பெரிய உத்தியோகத்துல இருக்கறவரு" என்று மெல்லச் சொன்னார்.

"உத்தியோகத்துல இருக்கறவரு சொன்னதாலதானே எல்லாரும் நம்பினாங்க?"

நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்த ஆசாரியும் எழுத்தரும், வண்டிக்குக் காத்திருந்த இன்ஸ்பெக்டரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, கல்லூரியில் பழகிய அதே குரலில், ஆனால் எங்கும் மூச்சுவிட்டு நிறுத்தாமல், நான் சொன்னேன்:

"வருகிற சந்தை நாளில் பாப்பாரப்பட்டிக்கு வருகிறேன். சாவடிப் படியில் ஏறி நின்று, ‘வெட்டியவர் இந்த அம்மா அல்லர், பாராமல் பழி சொன்னவன் நான்’ என்று சொல்கிறேன். சந்தை கலைகிறவரை, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்."